டென்மார்க்கின் நத்தார்க்காலப் பியர்: வேலையிட விருந்துக்கும் வீட்டு ஒன்றுகூடலுக்கும் இடையே அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டென்மார்க்கில் நவம்பர் பிறந்ததும் கடைகளின் பியர் அடுக்குகள் நீல நிறமாகிவிடுகின்றன. யூலபிரிக் எனப்படும் நத்தார்க்கால (கிறிஸ்துமஸ் காலப்) பியர் வந்துவிட்டது என்பதற்கு அந்த நீலமே அறிவிப்பு. அதே வாரங்களில்தான் வேலையிடத்து விருந்துகளும், பிள்ளைகளின் பள்ளி நிகழ்ச்சிகளும், உறவினர் வீட்டு அழைப்புகளும், கார்த்திகை மார்கழி விரதங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்கின்றன. 1980களிலிருந்து இங்கு வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களின் இளையோரும், பின்னாளில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் இங்கே விடையளிக்கிறேன். இந்தப் பியரை விரும்பி அருந்துகிறவன் என்ற முறையிலேயே எழுதுகிறேன். அது நல்ல சாப்பாட்டோடு, நமக்கு வேண்டியவர்களோடு, தெரிந்தெடுத்த சில மேசைகளில் அருந்தப்பட வேண்டியது என்பது என் உறுதியான கருத்து.

யூலபிரிக் மற்றப் பியர்களிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

டென்மார்க்கில் ஆண்டு முழுவதும் விற்கப்படும் வழக்கமான பில்ஸ்னர் பியர் வெளிர்மஞ்சள் நிறமும் சுமார் 4.6 சதவீத மதுசாரமும் கொண்டது. நத்தார்க்காலப் பியருக்கு வழக்கமான வெளிர் மால்ட்டுடன் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சற்றுக் கூடுதலாக வறுத்த மால்ட்டும் கரமெல் மால்ட்டும் சேர்க்கப்படுவதால், அது செம்பு கலந்த பழுப்பு நிறத்தையும், சர்க்கரைப் பாணியின் அடியில் கிடக்கும் கருகல் இனிப்பை நினைவூட்டும் ஒரு சுவையையும் பெறுகிறது. நாட்டில் மிகவும் பெயர்பெற்ற டூபோர்க் யூலபிரிக்கில் மதுசாரம் 5.6 சதவீதம், அதில் அதிமதுரமும் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. ஊடென்ஸ நகரத்து அல்பானி நிறுவனத்தின் நத்தார்ப் பியர் 7 சதவீதம் அளவு வலுவுடையது. சிறு காய்ச்சகங்கள் செய்பவை இன்னும் கனமானவை. கோபன்ஹேகனின் மிக்கெலர் நிறுவனம் வெளியிடும் நத்தார்ப் பியர்களுள் 10 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. ஆகவே, போத்தலின் முகப்புப் படத்தைப் பார்த்து வாங்காமல், பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் உள்ள சதவீதத்தைப் பார்த்து வாங்குவதே நல்லது.

நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை இரவு நகரத்தில் ஏன் அத்தனை கூட்டம்?

அன்று "யே நாள்" (J-dag); யூலபிரிக்கின் முதலெழுத்தால் வந்த பெயர். இரவு 8 மணி 59 நிமிடத்துக்கு மதுச்சாலைகளில் அவ்வாண்டின் டூபோர்க் யூலபிரிக் முதன்முதலாக ஊற்றப்படும். நிறுவனத்தின் ஊழியர்கள் நீலத் தொப்பியுடன் பாடிக்கொண்டே மதுச்சாலை மதுச்சாலையாகச் சென்று தொப்பிகளையும் இலவசப் பியரையும் வழங்குவார்கள். இதன் பின்னணியில் ஒரு சிறு கார்ட்டூன் விளம்பரப் படம் இருக்கிறது: பனிச்சறுக்கு வண்டியில் செல்லும் நத்தார்த் தாத்தா, எதிரே வரும் டூபோர்க் பார ஊர்தியைக் கண்டு வழியை மாற்றிக்கொண்டு அதன் பின்னே போவார். அந்தப் படம் 1980இல் வந்தது. பியர் 1981இல்தான் வந்தது. விளம்பரம் முதலில் பிறந்து பொருள் பின்னால் பிறந்த அரிய நிகழ்வு இது. யே நாள் 1990இல் தொடங்கியது. தொடக்கத்தில் புதன்கிழமையில் நடந்து, மறுநாள் மாணவர்கள் பள்ளிக்கு வராமற்போனதால் 1999 முதல் வெள்ளிக்கிழமைக்கு மாற்றப்பட்டது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். சனிக்கிழமை காலை முறைவேலை இருப்பவர்கள், குறிப்பாக முதியோர் பராமரிப்பிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்கள், அந்த இரவைத் தவறவிட்டால் எதையும் இழந்துவிட மாட்டார்கள். அதே பியர் அடுத்த பல வாரங்களுக்குக் கடையில் கிடைக்கும்.

அப்படியானால் நத்தார்ப் பியர் என்பதே வெறும் வணிக உத்திதானா?

இல்லை. விளம்பரம் புதியது, வழக்கம் மிகப் பழையது. நோர்வேயின் குலாத்திங் என்னும் பழஞ்சட்டம், விவசாயக் குடும்பங்கள் நத்தாருக்குப் பியர் காய்ச்ச வேண்டும் என்றும், காய்ச்சாதவர்கள் தண்டம் கட்ட வேண்டும் என்றும் விதித்திருந்தது. பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட நல்லரசன் ஹாக்கோன், பழைய குளிர்காலப் பெருவிழாவை நத்தார் நாளோடு பொருத்தி, ஒவ்வொருவரும் ஓர் அளவு மால்ட்டில் பியர் காய்ச்சி, அது தீரும்வரை விழாவைக் கொண்டாட வேண்டும் என்று ஆணையிட்டதாக நோர்வே மன்னர்களின் வரலாற்றுக் கதைகள் கூறுகின்றன. அறுவடைத் தானியம் கையில் இருந்த, குளிரும் இருளும் மிகுந்த மாதத்தில் ஊர் கூடிக் குடித்த பானம் அது.

இன்றைய பியரின் தெளிவான, ஆண்டுதோறும் மாறாத சுவைக்குக் காரணமும் டென்மார்க்கிலேயே இருக்கிறது. கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்தியான் ஹான்சன் 1883இல் ஒற்றை ஈஸ்ட் உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். அதற்கு முன்னர், காட்டு ஈஸ்ட் புகுந்து ஒரு தொட்டிப் பியர் முழுவதும் கெட்டுப்போவது காய்ச்சகங்களில் எப்போதும் இருந்த அச்சம்.

வேலையிடத்து நத்தார் விருந்தில் என்ன நடக்கும்? எந்த உணவுடன் எதை அருந்துவது?

யூல ஃப்ரோகோஸ்ட் எனப்படும் இவ்விருந்து நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதிவரை, பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும். பெயருக்கு மதிய விருந்தாயினும் பல இடங்களில் மாலையில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டும். பல நிறுவனங்கள் கணவனையோ மனைவியையோ அழைப்பதில்லை. இது அவமதிப்பல்ல, இந்நாட்டு வழக்கம். புதிதாக வந்த குடும்பங்களில் இதுவே முதல் மனத்தாங்கலாகிவிடுவதால், அழைப்பு வந்த அன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஊறவைத்த ஹெர்ரிங் மீன் வரும்: வெள்ளை வினாகிரியில் ஊறியது, சிவப்பு மசாலாவில் ஊறியது, மஞ்சள் கறிச்சாற்றில் தோய்ந்தது எனப் பல வகை. கறுத்த ரை ரொட்டியில் பன்றிக்கொழுப்போ வெண்ணெயோ தடவி, மீனை வைத்து, வெங்காய வளையத்தையும் கேப்பர் மொட்டுகளையும் மேலே இட்டு, கத்தியும் முள்ளுக்கரண்டியும் கொண்டு உண்பார்கள். இதனுடன் ஸ்னாப்ஸ் என்னும் கடுமையான வடிசாராயம் சிறு குவளையில் வரும். அனைவரும் குவளையை உயர்த்தி, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து, "ஸ்கோல்" என்று சொல்லிக் குடித்து, குவளையை வைக்கும் முன் மறுபடியும் கண்ணைப் பார்ப்பார்கள். அடுத்து ரெமுலாட் குழம்புடன் பொரித்த மீன், பின்னர் இறைச்சி உருண்டைகள், தோல் முறுகிய பன்றி வாட்டல், சிவப்பு முட்டைக்கோசு, ஈரற்கூழ், கடைசியில் பாற்கட்டி என்று மேசை நகரும்.

இனிப்பான கருமை நிற யூலபிரிக்கை ஹெர்ரிங் மீனோடு தொடங்குவது சிறப்பன்று என்பது என் எண்ணம். வினாகிரியின் புளிப்பும் கரமெலின் இனிப்பும் ஒன்றையொன்று கெடுக்கின்றன. மீனுக்கு வழக்கமான பில்ஸ்னரோ வெறும் தண்ணீரோ போதும். வாட்டிய இறைச்சி மேசைக்கு வரும்போது யூலபிரிக்கைத் திறந்தால், முறுகிய தோலின் உப்புக்கும் கொழுப்புக்கும் அந்தப் பியரின் வறுத்த மால்ட் சுவை மிக அழகாக ஈடுகொடுக்கும். இறைச்சிவரை காத்திருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: விருந்தின் முதல் ஒன்றரை மணி நேரம் வெறும் வயிற்றில் குடிக்காமல் கழிந்துவிடும்.

ஸ்னாப்ஸைக் கட்டாயம் குடிக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. குவளையில் தண்ணீரை வைத்துக் கண்ணைப் பார்த்து ஸ்கோல் சொன்னாலே முறை நிறைவேறிவிடுகிறது, பார்வைதான் முக்கியம்.

எத்தனை போத்தல் அருந்தலாம்?

டென்மார்க்கின் சுகாதார வாரியம் 2022இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 18 வயதுக்கு மேற்பட்டவர் ஒரு வாரத்தில் 10 அலகுக்கு மேலும், ஒரே நாளில் 4 அலகுக்கு மேலும் அருந்தக் கூடாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் அருந்தவே கூடாது. ஓர் அலகு என்பது 12 கிராம் தூய மதுசாரம். 33 சென்டிலீற்றர் பில்ஸ்னர் ஏறத்தாழ ஓர் அலகு. அதே அளவு 5.6 சதவீத யூலபிரிக் 1.2 அலகு, 7 சதவீதமானது 1.5 அலகு. பில்ஸ்னரை எண்ணிப் பழகியவர் நான்கு நத்தார்ப் பியரை அதே எண்ணிக்கையில் குடித்தால் நாளின் எல்லையைக் கடந்திருப்பார். ஸ்னாப்ஸும், கோப்பையில் சூடாகத் தரப்படும் மசாலாத் திராட்சை மதுவும் இந்தக் கணக்கிலேயே சேரும்.

கடைகளில் 24 பியர்கள் அடங்கிய நத்தார் நாட்காட்டிப் பெட்டி விற்கப்படுகிறது. டிசம்பர் முதல் நாளிலிருந்து நாளுக்கு ஒன்றாகத் திறப்பது அதன் முறை. பரிசாகக் கொடுக்க அழகானதுதான். எனினும், வாரத்துக்கு ஏழு கனமான பியர் என்றால் பத்து அலகின் பெரும்பகுதி வீட்டில் தனியாக உட்கார்ந்து குடிப்பதிலேயே தீர்ந்துவிடும். நண்பர்களோடு இருக்கும் மேசைக்கு எதுவும் மிஞ்சாது. பெட்டி கையில் இருந்தால், கிழமை இறுதியில் இருவராகவோ மூவராகவோ பகிர்ந்து சுவைப்பதையே பரிந்துரைப்பேன்.

ஒரே வாரத்தில் மூன்று அழைப்புகள் வருகின்றன. எதற்குப் போவது, எதை விடுவது?

டிசம்பர் நாட்காட்டியை முதலில் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து நிரப்புங்கள். பள்ளியில் பெற்றோருடன் காகித அலங்காரம் வெட்டும் பிற்பகல், டிசம்பர் 13ஆம் நாள் லூசியா ஊர்வலம், தமிழ்ப் பாடசாலையின் ஆண்டிறுதி நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு மாற்று நாள் கிடையாது. லூசியா ஊர்வலம் பல பள்ளிகளில் காலையிலேயே நடப்பதால், முந்தைய மாலை விருந்திலிருந்து எத்தனை மணிக்கு எழுவது என்பதும் அதைக் கொண்டே முடிவாக வேண்டும். வெள்ளை ஆடையில் மெழுகுவர்த்தியோடு வரும் வரிசையில் உங்கள் மகள் நடக்கும்போது தலைவலியோடு சுவரில் சாய்ந்து நிற்க நேர்வது பெரிய இழப்பு.

அடுத்ததாக, வேலையிடத்துப் பெருவிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெரிய நிறுவனங்களில் துறை விருந்து, குழு விருந்து, நிறுவன விருந்து என்று மூன்று வரும். நாள்தோறும் உங்களோடு வேலை செய்பவர்களின் விருந்துக்குப் போவதே உறவுக்கு உதவும் என்பது நான் கண்டது. மற்றவற்றுக்கு முதல் ஒரு மணி நேரம் சென்று, வாழ்த்துச் சொல்லி, "பிள்ளைகளைப் படுக்கவைக்க வேண்டும்" என்று கூறி எழுந்தால் டென்மார்க்கில் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. இந்நாட்டில் குடும்பத்தைக் காரணமாகச் சொல்வது முழு மரியாதைக்குரிய காரணம்.

அதன்பின் குடும்பம். டேனியர்களுக்கு டிசம்பர் 24 மாலையே பெருநாள்; 25, 26 பொது விடுமுறை நாள்களில் உறவினர் வீட்டு விருந்துகள் நடக்கும். நம்மவர்களும் அந்த விடுமுறையைப் பயன்படுத்தியே கூடுகிறோம். ஹேர்னிங்கிலிருந்து ஓர்ஹூஸுக்கும் அங்கிருந்து கோபன்ஹேகனுக்குமாகக் கார்கள் ஓடும். மூன்று வீட்டுக்குப் போவதாயின், எந்த வீட்டில் இரவு தங்குகிறோமோ அந்த வீட்டில் மட்டும் அருந்துவது என்று கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசிவைப்பது மிகவும் பயனுள்ள ஏற்பாடு. எப்போதும் ஒருவரே வாகனம் ஓட்டுபவராக இருந்துவிடக் கூடாது. பல வீடுகளில் அந்தப் பொறுப்பு கேட்காமலேயே மனைவியின் தலையில் விழுகிறது. ஒருநாள் அவர் ஓட்டினால் மறுநாள் நீங்கள் ஓட்டுங்கள்.

வாங்கவேண்டியதையும் காலத்தோடு வாங்கிவிட வேண்டும். டிசம்பர் 24 பிற்பகல் 3 மணிக்குமேல் பெரிய கடைகள் மூடப்பட்டு, 27 அன்றே பெரும்பாலும் வழமைக்குத் திரும்பும்.

நான் விநாயகர் விரதம் இருக்கிறேன். விருந்துக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். கார்த்திகை நிறைமதிக்கு மறுநாள் தொடங்கி மார்கழி வளர்பிறைச் சட்டிவரை நீளும் 21 நாள் விநாயகர் விரதமும், அதையடுத்த திருவெம்பாவைப் பூசைக் காலமும் பெரும்பாலும் இந்த விருந்துக் காலத்தோடு மோதுகின்றன. ஹேர்னிங், பிராண்டே கோவில்களில் அதிகாலைப் பூசைக்குப் போய்விட்டு வேலைக்கு வருகிறவர்கள் பலர். விருந்தை ஒழுங்கு செய்பவரிடம் சில வாரங்களுக்கு முன்பே, "நான் மதுவும் இறைச்சியும் எடுப்பதில்லை" என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் போதும். விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. மதுசாரமற்ற பியர் இப்போது ஏறத்தாழ எல்லா மேசைகளிலும் இருக்கிறது. ஆனால் 0.5 சதவீதம்வரை உள்ளவையும் அவ்வாறே விற்கப்படுவதால், முற்றாகத் தவிர்ப்பவர்கள் 0.0 என்று அச்சிட்டதையே எடுக்க வேண்டும். விருந்தின் சிறந்த பகுதியாகிய பரிசுப் பொட்டலங்களைத் தாயம் உருட்டிப் பறித்துக்கொள்ளும் விளையாட்டுக்கு மது தேவையேயில்லை.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் முன் குடிக்கும் வழக்கமில்லை. என்ன செய்வது?

அந்த வீட்டில் அருந்தாதிருப்பதே சரி. பெரியப்பா இருக்கும் கூடத்தை விட்டு, குளிரில் கார் நிறுத்தும் கொட்டகைக்குள் நின்று அவசர அவசரமாகக் குடிப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அங்கே பியருக்குச் சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை. விரைவாகக் குடிப்பதால் அளவும் கூடிவிடுகிறது. உள்ளே பெண்களும் பிள்ளைகளும் தனியாக இருக்க, ஒன்றுகூடலே இரண்டாகப் பிளந்துவிடுகிறது. எல்லோர் முன்னும் மேசையில் வைத்து அருந்தக்கூடிய வீடாயின் அங்கே ஒன்று அருந்துங்கள். அந்த உரிமை அண்ணிக்கும் தங்கைக்கும் அதே அளவில் உண்டு. அவ்வாறு வைக்க முடியாத வீடாயின், அங்கே தேநீரே போதும்.

நம் சாப்பாட்டுடன் நத்தார்ப் பியர் பொருந்துமா?

மிக நன்றாகவே பொருந்தும். இதைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுதலாம். பியருக்குக் கசப்பூட்டும் ஹொப்ஸ் பூ மிகுந்த பியர்கள் மிளகாயின் எரிவைக் கூட்டிக் காட்டும். யூலபிரிக்கில் கசப்புக் குறைவு, மால்ட்டின் இனிப்பு அதிகம். அந்த இனிப்பு உறைப்பைத் தணிக்கும். வறுத்த யாழ்ப்பாணக் கறித்தூள் போட்டுப் பிரட்டிய ஆட்டிறைச்சியில் உள்ள வறுவல் மணமும், பியரில் உள்ள மால்ட்டின் வறுவல் மணமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மட்டன் ரோல்ஸுடனும் கணவாய்ப் பொரியலுடனும் அருந்திப் பாருங்கள். தேங்காய்ப்பால் சொதிக்கும் புளி மிகுந்த மீன்குழம்புக்கும் இது சேராது. 10 சதவீதத்துக்கு மேற்பட்ட கனமான வகைகளைச் சாப்பாட்டோடு எடுக்காமல், கடைசியில் நத்தார்க் கேக்குடன், ஒரு போத்தலை நால்வராகப் பகிர்வதே சிறப்பு.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் சுவையில் பாதி மறைந்துவிடும். பத்து, பதினைந்து நிமிடம் வெளியே வைத்து, 7 அல்லது 8 பாகை அளவில், போத்தலோடு குடிக்காமல் கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். நுரை இரண்டு விரல் உயரம் நிற்கட்டும். மணம் அதில்தான் இருக்கிறது.

பிள்ளைகளுக்கென்று நத்தார்ப் பியர் இருக்கிறதாமே?

நிஸ்ஸ-ஓல் என்ற இனிப்பான கறுப்புப் பானம் உண்டு. சிவப்புத் தொப்பிக் குட்டிச்சாத்தான் படம் போட்டிருக்கும். டேனியர்கள் அதைக் கறுவாத்தூளும் வெண்ணெயும் இட்ட அரிசிக் கஞ்சியோடு அருந்துவார்கள். அதிலும் 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான மதுசாரம் இருக்கக்கூடும் என்பதால் நான் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை.

பதின்ம வயதினரைப் பற்றித்தான் பெற்றோர் கூடுதலாக அறிந்திருக்க வேண்டும். 16, 17 வயதினர் 6 சதவீதம்வரையான மதுவைக் கடையில் வாங்க டென்மார்க்கின் சட்டம் அனுமதிக்கிறது. 2025 ஏப்ரலுக்கு முன் அந்த எல்லை 16.5 சதவீதமாக இருந்தது. அதாவது, 5.6 சதவீத யூலபிரிக்கை உங்கள் பதினாறு வயது மகன் சட்டப்படியே வாங்கலாம். சுகாதார வாரியம் கூடாது என்கிறது, கடை விற்கிறது. ஆகவே வீட்டில் விதியைப் பெற்றோரே சொல்ல வேண்டும். யே நாளுக்கு முந்தைய வாரமே அதைப் பேசுவதற்கு ஏற்ற நேரம்.

விருந்து முடிந்து எப்படி வீடு திரும்புவது?

வாகனம் ஓட்டுவதற்கான எல்லை இரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5. அதைத் தாண்டினால் அபராதமும் உரிமத்துக்கு ஆபத்தும் உண்டு, 1.2ஐத் தாண்டினால் உரிமம் பறிபோகும், 2.0ஐத் தாண்டினால் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி காரே பறிமுதல் செய்யப்படலாம். சைக்கிளுக்கு எண்ணளவு எல்லை இல்லையெனினும், நிதானமாக ஓட்ட முடியாதவரைப் பொலிஸார் தண்டிக்கலாம். உறைந்த வீதியில் விழுந்து எலும்பு முறிவது அதைவிடப் பெரிய தண்டனை. கோபன்ஹேகனில் மெட்ரோ இரவு முழுவதும் ஓடுகிறது. யூட்லாந்துச் சிற்றூர்களில் அந்த வசதி இல்லாததால், திரும்பும் வழியை விருந்துக்கு முன்பே ஒழுங்கு செய்யுங்கள்.

மறுநாள் காலையே பலரும் கவனிக்காத வேளை. ஓர் அலகு கரைவதற்கு உடலைப் பொறுத்து ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். மாலை 7 மணிக்குத் தொடங்கி 10 அலகு அருந்தியவருக்கு, அலகுக்கு ஒன்றரை மணி நேரம் என்று கொண்டால், மறுநாள் காலை 10 மணிவரை உடலில் மதுசாரம் இருக்கும். காப்பியும் குளியலும் இதை விரைவுபடுத்துவதில்லை.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் அருந்தலாமா?

மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். இன்சுலினோ சல்ஃபொனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மது அருந்திய பல மணி நேரத்துக்குப் பின், தூக்கத்தில்கூட, இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அதைச் சுற்றியிருப்பவர்கள் போதை என்று எண்ணிவிடுவார்கள். கருவுற்றிருப்பவர்கள் முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

மிஞ்சிய போத்தல்களை அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்கலாமா?

5 அல்லது 6 சதவீத லாகர் வகை புதிதாக இருக்கும்போதே சுவையானது. ஆண்டு கடந்தால் காகித அட்டைச் சுவை ஏறும். தை பிறக்கும் முன் நண்பர்களை அழைத்து முடித்துவிடுங்கள், அல்லது ஆட்டிறைச்சியைத் தண்ணீருக்குப் பதிலாக இதில் அவியவிடுங்கள். 10 சதவீதத்தை ஒட்டிய கனமான வகைகளை இருட்டான, குளிர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்தால் ஓரிரு ஆண்டுகளில் உலர்ந்த பழத்தின் சுவை கூடி இன்னும் மெருகேறும். வெறும் டின்களை நசுக்காமல் சேர்த்துவையுங்கள்; ஒரு லீற்றருக்குக் குறைவான டின்னுக்கும் கண்ணாடிப் போத்தலுக்கும் ஒரு குரோனர் வைப்புப்பணம் கடை இயந்திரத்தில் திரும்பக் கிடைக்கும். அந்தச் சீட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால், விடுமுறை முடிவதற்குள் வீட்டிலுள்ள அத்தனை டின்னும் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.